சங்கிலியும் எண்ணெய்த் துளியும்



மலைநாட்டின் வரலாறு என்றவுடன் தேயிலைச் செடியும், வளைந்து ஏறும் புகையிரதப் பாதையும், துரைமாரின் பங்களாக்களும், தொழிலாளரின் லயங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வரலாற்றை எழுதியோர் ஏக்கர்க் கணக்கையும் இறாத்தற் கணக்கையும் செவ்வனே குறித்து வைத்துள்ளனர். ஆனால், தேயிலையை அரைத்த உருளைகளும், அதனை ஏற்றிச்சென்ற வண்டிகளும், மலைப்பாதைகளில் ஏறி இறங்கிய மோட்டார்ச் சைக்கிள்களும் நின்றுவிடாமல் ஓடுவதற்குக் காரணமாயிருந்த ஒரு சிறு பொருளைப்பற்றி அவர்கள் பெரும்பாலும் பேசவில்லை. அச்சிறு பொருள்தான் எண்ணெய்த் துளி.

மோட்டார்ச் சைக்கிளின் சங்கிலிக்குத் தானாகவே எண்ணெய் சொட்டும் ஒரு கருவி இக்காலத்தில் வழக்கில் உள்ளது. காண்பதற்கு அது ஒரு சிறு குப்பியும் ஒரு மெல்லிய குழாயுமே. சோம்பலுக்குத் துணைபோகும் ஆடம்பரம் என்று அதனை எள்ளுவாரும் உளர். வரலாற்றுக் கண்கொண்டு நோக்கின் அந்த முடிவு பொருந்தாது. ஓடும் இயந்திரத்துக்குள் மனிதன் தன் கையை நீட்டாதிருப்பதற்கு வழிதேடிய நெடிய முயற்சியின் ஒரு படியே அக்கருவி. அம்முயற்சி எங்கெங்கு எவ்வாறு நடைபெற்றதென்பதை இன்று சிறிது நோக்குவோம்.

உராய்வு என்பது சக்கரத்துடன் கூடப்பிறந்த பகை. மாட்டுவண்டியின் அச்சுக்கு மசகிடுதல் நம் முன்னோர் நன்கறிந்த தொழில். வைக்கோலைக் கரித்து, ஆமணக்கெண்ணெயிற் குழைத்து, அச்சிலே பூசுவது வண்டிக்காரரின் வழக்கம். மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பரந்திருந்த காலத்தில், கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்குக் கொண்டுசென்றவை இத்தகைய மாட்டுவண்டிகளே. வண்டி நின்றபின் அச்சுக்கு மசகு பூசுவதில் ஆபத்து ஏதும் இல்லை. மாடும் ஓய்ந்திருக்கும்; சக்கரமும் ஓய்ந்திருக்கும். நீராவியும் நீர்ச்சக்கரமும் வந்தபின்னரே நிலைமை மாறியது. இயந்திரம் ஓயாது ஓடத் தொடங்கியது. ஓடும்போதே அதற்கு எண்ணெய் தேவைப்பட்டது.

கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் 1869-ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்டது. அடுத்த இருபதாண்டுக் காலத்தில் அப்பயிர் அழிந்தது. அதற்கு முன்பே, 1867-ஆம் ஆண்டில், ஸ்கொட்லாந்து தேசத்தவரான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். தொடக்கத்தில் அவர் கொழுந்தைத் தம் பங்களாவின் விறாந்தையிலே கையால் உருட்டச் செய்தார். 1873-ஆம் ஆண்டில் அவர் இலண்டனுக்கு அனுப்பிய தேயிலை 23 இறாத்தல் மட்டுமே. அந்த அளவுக்குக் கையே போதும்; ஆயிரக்கணக்கான இறாத்தலுக்குக் கை போதாது. எனவே இயந்திரங்கள் வந்தன. வில்லியம் ஜாக்சன் அமைத்த உருட்டும் இயந்திரமும், பெல்பாஸ்ற் நகரத்து சாமுவேல் டேவிட்சன் அமைத்த 'சிரொக்கோ' உலர்த்தியும் தேயிலைத் தொழிலின் முகத்தையே மாற்றின. ஹட்டனில் 1875-ஆம் ஆண்டிலேயே பிரவுண் நிறுவனம் தோட்ட இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாகத் தோன்றிவிட்டது. புகையிரதமோ 1884-ஆம் ஆண்டிலேதான் ஹட்டனை அடைந்தது. நானுஓயாவை அடைந்தது 1885-இல். அதாவது, மலையுச்சிக்கு இருப்புப்பாதை வருமுன்னரே அங்கே இரும்பு வேலை வந்துவிட்டது.

பழைய தேயிலைத் தொழிற்சாலையின் அமைப்பை நேயர்களுள் இளையோர் அறியாதிருக்கலாம். தோட்டத்து மக்கள் அதனை 'இஸ்டோர்' என்றே வழங்குவர். மேல்மாடிகளில் கொழுந்து வாடும். கீழ்த்தளத்தில் இயந்திரங்கள் நிற்கும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனி விசை இல்லை. நீர்ச்சக்கரமோ, நீராவி எஞ்சினோ, பின்னாளில் எண்ணெய் எஞ்சினோ ஒன்று இருக்கும். அதிலிருந்து நீண்டதொரு சுழல்தண்டு கட்டடத்தின் நெடுக ஓடும். அத்தண்டிலிருந்து தோல்வார்கள் இறங்கி உருளைகளையும் சல்லடைகளையும் சுழற்றும். தண்டைத் தாங்கும் ஒவ்வொரு தாங்கிக்கும் எண்ணெய் வேண்டும். பகலிற் பறித்த கொழுந்து இரவில் வாடி, நள்ளிரவுக்குப் பின்னரே உருளைக்குச் செல்வதால், வேலையின் பெரும்பகுதி விடியுமுன் நடைபெறும். மங்கிய வெளிச்சத்தில், ஏணியின்மேல் நின்று, சுழலும் தண்டுக்கும் ஓடும் வாருக்கும் அருகே எண்ணெய்க் குவளையை நீட்டியவர் தொழிலாளியே. வேட்டியின் நுனியோ சட்டையின் கையோ வாரிற் சிக்கினால், மனிதனை விடுவிப்பதற்கு இயந்திரம் காத்திராது.

இவ்வாபத்து தேயிலைத் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. இயந்திரத் தொழில் பரவிய நாடுகள் அனைத்தும் கண்ட துன்பம் இது. இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஓடும் இயந்திரத்தைப் பிள்ளைகள் துடைத்தலைத் தடைசெய்தது. இலங்கையில் 1942-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சுழலும் பாகங்களுக்கு வேலியிடுவதைக் கட்டாயமாக்கியது. இரு சட்டங்களுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்துள்ளது என்பதை நேயர்கள் கருதிப்பார்த்தல் வேண்டும்.

சட்டம் செய்ய முயன்றதைக் கைவினைஞர் வேறு வழியாற் செய்ய முயன்றனர். ஏணியில் ஏறாமலே எண்ணெய் சேருவதற்கு வழி என்ன? முதலில் தோன்றியவற்றுள் ஒன்று திரி. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, தாங்கியின் மேலுள்ள கிண்ணத்திலிருந்து ஒரு நூல்திரி எண்ணெயை இழுத்துத் தண்டின்மேற் சொட்டும். இது எளிய உபாயம். ஆயினும் ஒரு குறை உண்டு. இயந்திரம் நின்றபின்னும் திரி தன் வேலையை நிறுத்தாது. அதனைத் தூக்கிவிட மறந்தால் இரவு முழுவதும் எண்ணெய் வீணாகும். அடுத்து, ஊசித் திருகு பொருத்திய கண்ணாடிக் குப்பி வந்தது. எத்தனை துளி விழுகின்றதென்பதைக் கண்ணாற் கண்டு திருகிக் கூட்டவும் குறைக்கவும் அதனால் இயன்றது. இவற்றினும் அழகியது வளையத் தாங்கி. தண்டின்மேல் ஒரு தளர்ந்த வளையம் தொங்கும். அதன் அடிப்பாகம் கீழுள்ள எண்ணெயில் மூழ்கியிருக்கும். தண்டு சுழன்றால் வளையமும் சுழன்று எண்ணெயை மேலே கொணரும். தண்டு நின்றால் வளையமும் நிற்கும். ஓடும்போது மட்டும் உண்பது, ஓயும்போது உண்ணாதிருப்பது என்னும் நெறி அங்கே நிறைவேறிற்று.

தேயிலைத் தொழிலுக்கு இதனால் மற்றொரு நன்மையும் விளைந்தது. பிறபொருளின் மணத்தை விரைவிற் பற்றிக்கொள்ளும் இயல்பு தேயிலைக்கு உண்டு. மேலேயிருந்து வழியும் எண்ணெய் உருளைக்குள் விழுந்தால் அந்த ஈடு முழுவதும் கெடும். ஆகவே எண்ணெய் குறைந்தாலும் இழப்பு, மிகுந்தாலும் இழப்பு. வேண்டிய இடத்தில், வேண்டிய வேளையில், வேண்டிய அளவே சொட்டுதல் வேண்டும். தானியங்கி எண்ணெய்க் கருவியின் இலக்கணம் முழுவதும் இம்மூன்று சொற்களுள் அடங்கும்.

இவ்விடத்தில் ஒரு மனிதரை நினைவுகூருதல் தகும். அமெரிக்காவின் கெண்டக்கி நாட்டு அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவுக்குச் சென்ற பெற்றோருக்குப் பிறந்தவர் எலைஜா மக்கோய். அவர் ஸ்கொட்லாந்து சென்று எடின்பரோ நகரத்தில் இயந்திரத் தொழில் பயின்றார். அமெரிக்காவுக்குத் திரும்பியபோது, கறுப்பினத்தவர் என்ற காரணத்தால், அவருக்குப் பொறியியலாளர் பதவி கிடைக்கவில்லை. மிச்சிகன் சென்றல் புகையிரதத்தில் அடுப்புக்கு விறகும் கரியும் இட்டு, இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் வேலையே கிடைத்தது. புகைவண்டியை அடிக்கடி நிறுத்தி எண்ணெய் விடும் தொல்லையை நாள்தோறும் தம் கையாலே அனுபவித்த அவர், நீராவி எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் சேர்க்கும் கருவி ஒன்றை அமைத்து 1872-ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றார். அத்துறையில் அவரே முதல்வர் அல்லர்; இங்கிலாந்தின் ஜோன் ராம்ஸ்பொட்டம் 1860-ஆம் ஆண்டிலேயே ஒரு கருவியை அமைத்திருந்தார். எனினும் மக்கோயின் வரலாறு நமக்கு ஒரு சிறப்பான பாடம் புகட்டுகின்றது. எண்ணெய்க் குவளையைக் கையில் ஏந்தியவனுக்கே எண்ணெயின் அருமையும் இடரும் முதலிற் புலனாகின்றன. அவனுக்குக் கல்வியும் வாய்ப்பும் கிடைத்தால் அவன் குவளையோடு நின்றுவிடுவதில்லை. நம் மலைநாட்டிலும் அத்தகைய கைகள் எத்தனையோ இருந்தன. அவற்றுக்கு அத்தகைய கல்வி எட்டவில்லை.

இனிச் சங்கிலிக்கு வருவோம். விசையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கடத்தும் சங்கிலி சீன நாட்டில் 11-ஆம் நூற்றாண்டிலேயே சூ சொங் அமைத்த பெருங் கடிகாரத்தில் இருந்தது. இன்று சைக்கிளிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் நாம் காணும் உருளைச் சங்கிலியோ 1880-ஆம் ஆண்டில் மான்செஸ்ரர் நகரில் ஹான்ஸ் ரெனோல்ட் என்னும் சுவிற்சர்லாந்து தேசத்தவரால் உருவாக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணி, அதனைச் சூழ ஒரு குழல், அதன்மேல் ஓர் உருளை உள்ளன. சங்கிலி 'நீண்டுவிட்டது' என்று நாம் சொல்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஆணியும் குழலும் தேய்கின்றன. மூட்டு ஒன்றுக்கு ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கே தேய்ந்தாலும், 110 மூட்டுகளில் அது ஐந்து மில்லிமீற்றருக்கு மேலாகிவிடும். அந்நிலையிற் சங்கிலி தொய்ந்து பற்சக்கரத்தின் பற்களை அரிக்கும், முற்றினால் கழன்றும்போகும்.

தொடக்கக் கால மோட்டார்ச் சைக்கிள்கள் பலவற்றில் சங்கிலி இல்லை; தோல்வாரே சக்கரத்தைச் சுழற்றியது. வார் மழையில் வழுக்கும், ஏற்றத்திலும் வழுக்கும். 1911-ஆம் ஆண்டில் 'மான்' தீவின் மலைப்பாதையில் முதன்முறையாகப் பந்தயம் நடைபெற்றபோது, பெரிய வண்டிகளுக்கான பிரிவில் முதல் மூன்று இடங்களையும் சங்கிலி பூட்டிய 'இந்தியன்' என்னும் அமெரிக்க வண்டிகள் வென்றன. மலையும் மழையும் கூடிய இடத்திற்கு வார் உதவாது என்பது அன்று தெளிவாயிற்று. மலையும் மழையும் கூடிய இடம் என்பதற்கு நம் ஹட்டனையும் வட்டவளையையும் கினிகத்தேனையையும் விஞ்சிய எடுத்துக்காட்டுகள் பல இருக்க முடியாது.

தோட்டங்களிற் சின்னத்துரைமார் மோட்டார்ச் சைக்கிளில் மலைக்கு மலை சென்று வேலை பார்த்த காட்சி முதியோர் பலருக்கும் நினைவிருக்கும். அப்பாதைகள் சரளைக் கல்லும் சேறும் நிறைந்தவை. மழைநீர் எண்ணெயைக் கழுவும். சேற்றிலுள்ள மணல் எஞ்சிய எண்ணெயோடு கலந்து அரத்தூள் போலாகி மூட்டுகளை அராவும். இதனைத் தடுக்கப் பல வழிகள் கையாளப்பட்டன. சங்கிலி முழுவதையும் எண்ணெய் நிறைந்த பெட்டிக்குள் மூடி வைத்தது 'சன்பீம்' நிறுவனம். கிழக்கு ஜேர்மனியின் 'எம்.இசட்.' வண்டிகள் சங்கிலியை இரப்பர்க் குழாய்க்குள் ஓடவிட்டன. பிரித்தானிய வண்டிகள் சிலவற்றில் எண்ணெய்த் தொட்டியிலிருந்தே ஒரு கிளைக்குழாய் சங்கிலிக்குச் சொட்டியது. 1969-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜப்பானின் 'ஹொண்டா சி.பி. 750' வண்டியிற் பற்சக்கரத் தண்டின் ஊடாகவே சங்கிலிக்கு எண்ணெய் கசியுமாறு அமைக்கப்பட்டிருந்தது. பின்னர், ஆணிக்கும் குழலுக்கும் இடையே மசகை அடைத்து இரப்பர் வளையத்தால் முத்திரையிட்ட சங்கிலிகள் வழக்கில் வந்தன. அதனால் வண்டியோடு பிறந்த எண்ணெய்க் கருவி மறைந்தது. ஆயினும் வளையமிட்ட சங்கிலிக்கும் வெளிப்புறத்தில் எண்ணெய் வேண்டும்; இன்றேல் உருளை துருப்பிடிக்கும், வளையம் வறண்டு வெடிக்கும்.

இக்குறையை நிரப்ப 1980-களில் ஸ்கொட்லாந்திலிருந்து 'ஸ்கொட்டாய்லர்' என்னும் தனிக்கருவி வந்தது. அதன் இயக்கம் எளியது. எஞ்சின் ஓடும்போது காற்றை உள்ளிழுக்கும் உறிஞ்சுவிசை ஒரு சிறு அடைப்பைத் தூக்கும். அப்போது குப்பியிலுள்ள எண்ணெய் மெல்லிய குழாய் வழியே இறங்கிப் பின்பற்சக்கரத்திற் சொட்டும். சக்கரம் சுழலும் வேகமே அத்துளியைச் சங்கிலியின் மூட்டுகளுக்குள் பரப்பும். எஞ்சின் நின்றால் அடைப்பு விழும், எண்ணெயும் நிற்கும். பழைய இஸ்டோரின் வளையத் தாங்கி கடைப்பிடித்த அதே நெறி! ஓடும்போது மட்டும் உண்பது, ஓயும்போது உண்ணாதிருப்பது. அளவோ நிமிடத்துக்கு ஒன்றிரண்டு துளி.

மலைநாட்டில் இக்கருவியைக் கையாளுவோர் மனங்கொள்ள வேண்டிய செய்திகள் சில உள. குளிரில் எண்ணெய் தடிக்கும், வெப்பத்தில் இளகும். கொழும்பில் நிமிடத்துக்கு இரண்டு துளி விழுமாறு திருகிவைத்த குப்பி, 6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவின் விடியற்காலையில் அவ்வளவு சொட்டாது. நுவரெலியாவில் திருகிவைத்ததோ கீழ்நாட்டில் வழிந்தோடும். வழிந்த எண்ணெய் பின்சக்கரத்தின் இரப்பரில் படிந்தால், வளைவுகளில் வண்டி சறுக்கும். ஆதலின் இடத்துக்கேற்ப அளவைத் திருத்துதல் வேண்டும். மற்றொன்று, தெருவில் விழும் எண்ணெய் தெருவோடு நிற்பதில்லை. கொத்மலை ஓயா மகாவலிக்கும், மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் களனிக்கும் நீர் கொண்டுசெல்கின்றன. நாட்டு மக்கள் பலருக்குக் குடிநீர் தரும் ஆறுகளின் தலைப்பில் வாழ்வோர் நாம் என்பதை மறத்தல் ஆகாது.

கருவி இல்லாதோர்க்கும் ஒரு வார்த்தை. நம் ஊர்களில் இன்று ஓடும் சிறிய மோட்டார்ச் சைக்கிள்களுக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றருக்கு ஒருமுறையும், மழையில் ஓடியபின் அதற்கு முன்னரும், சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுதல் நன்று. அப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுதல் வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, தானே சுழலும் சங்கிலியைத் துணியாற் பிடித்துத் துடைக்கும் வழக்கம் இளைஞர் சிலரிடம் காணப்படுகின்றது. வேலை விரைவில் முடியும் என்பது அவர்கள் எண்ணம். துணி சங்கிலியோடு சென்று பற்சக்கரத்தை அடைவதற்கு இமைப்பொழுது போதும். துணியைப் பற்றிய விரல் அதனுடன் செல்லும். ஒரு நூற்றாண்டுக்கு முன் தொழிலாளி ஏணியின்மேல் நின்று அஞ்சிய அதே ஆபத்தை, அவர் பேரன் இன்று தன் வீட்டு முற்றத்திலே வலிந்து அழைக்கின்றான். சட்டம் தொழிற்சாலைக்கு வேலியிட்டது. வீட்டு முற்றத்துக்கு அறிவுதான் வேலி.

1950-ஆம் ஆண்டில் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. காலப்போக்கில் தோட்டத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வந்தது. இயந்திரம் ஒவ்வொன்றும் தனித்தனி மோட்டாரைப் பெற்றது. நீண்ட சுழல்தண்டும் தோல்வாரும் படிப்படியாக மறைந்தன. அவற்றோடு எண்ணெய்க் குவளையும் ஏணியும் மறைந்தன. ஏணியில் நின்றவரின் பெயரும் மறைந்தது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023-ஆம் ஆண்டில் நாம் நினைவுகூர்ந்தோம். அந்நினைவில் கொழுந்து கொய்த கைகளுக்கு உரிய இடம் கிடைத்தது, அது நியாயமே. கொழுந்தை உருட்டிய இயந்திரத்தை விடியவிடியக் காத்து, அதன் ஓசை மாறுவதைக் கொண்டே எந்தத் தாங்கிக்கு எண்ணெய் வேண்டுமென்று அறிந்த கைகளுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. அவர்களைக் கூலிகள் என்று பதிவேடுகள் எழுதின. அவர்கள் அறிந்தது இயந்திர நுட்பம். அந்நுட்பம் ஏட்டில் ஏறவில்லை. அதனால் அது நுட்பமன்று என்று கூறுதல் பொருந்துமா?

தானே எண்ணெய் இடும் கருவி மனிதனுடைய கவனத்தை நீக்கிவிடுகின்றது என்பர் சிலர். அது முற்றிலும் உண்மையன்று. குப்பியை நிரப்புபவன் மனிதனே. துளியின் அளவைத் திருத்துபவனும் அவனே. கருவி நீக்கியது கவனத்தை அன்று, ஆபத்தை. நிமிடந்தோறும் கைநீட்ட வேண்டிய வேலையை, வாரத்துக்கு ஒருமுறை நின்று நிதானமாகச் செய்யும் வேலையாக அது மாற்றியது. மிஞ்சிய நேரமும் மிஞ்சிய விரல்களும் மனிதனுக்குக் கிடைத்த ஊதியம். அடுத்தமுறை உங்கள் பிள்ளை மோட்டார்ச் சைக்கிளின் அருகே எண்ணெயுடன் குந்துவதைக் கண்டால், முதலில் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். பின்னர், அவனுடைய பாட்டனோ பூட்டனோ இஸ்டோரில் என்ன வேலை பார்த்தார் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.